சொல்லாமல் வரும் விருந்தாளி, விட்டுப்போன சொந்தம்: ஒரு முழு வழிகாட்டி

மதுரையில் வீடு என்று ஒன்று இருந்துவிட்டால் ஆள் வருவது நிற்காது. கண் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். உயர் நீதிமன்றக் கிளைக்கு வாய்தாவுக்கு வருவார்கள். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வருவார்கள். முகூர்த்த நாளில் மண்டபத்துக்கு வந்துவிட்டு, "அப்படியே ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்று மாடிப்படி ஏறி வருவார்கள். எங்கள் பூர்வீகம் உடன்குடிப் பக்கம். அங்கிருந்து மாட்டுத்தாவணியில் வந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு எங்கள் வீட்டு விலாசம் தெரியும்.

வருகிறவர்களை நன்றாகவே கவனித்து அனுப்பினோம். ஆனால் அவர்கள் போன பிறகு நாங்களாக யாரையும் தேடிப் பேசியதில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளியன்று, அம்மாவின் ஒன்றுவிட்ட அக்காவுக்கு, எனக்குப் பெரியம்மா முறை, வாழ்த்துச் சொல்லப் போன் செய்தேன். எடுத்ததும் "பெரியப்பா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பெரியம்மா மெதுவாகச் சொன்னார்கள்: "பெரியப்பா போய்ச் சேந்து எட்டு மாசம் ஆச்சு தாயி." அந்த வருடம் அவர்கள் வீட்டில் தீபாவளியே இல்லை. அதே பெரியப்பா அதற்கு முந்தைய வருடம்தான் ஓலைக்கொட்டானில் கருப்பட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போனார்.

அன்றைக்கு ஆரம்பித்த பழக்கங்களைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். திடீரென்று வருகிறவரைக் கவனிப்பது, தூரத்துச் சொந்தத்தோடு தொடர்பில் இருப்பது என்று இதை இரண்டாகப் பிரிக்க எனக்குத் தோன்றவில்லை. வீடு தேடி வருகிறவர் நம் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்கிறார். மிச்சத்தை நாம் செய்ய வேண்டும்.

1. ஆள் வருவதற்கு முன்பே

இதற்கென்று பெரிய ஏற்பாடு தேவையில்லை. வறுத்த ரவை ஒரு டப்பா, சேமியா ஒரு பாக்கெட், அப்பளம், வடகம், ஊறுகாய், நாலு முட்டை, இரண்டு எலுமிச்சம்பழம். இவை தீரும்போதே அடுத்ததை வாங்கி வைத்துவிடுங்கள். ரவையை வாங்கிய அன்றே வறுத்து வைத்தால் வண்டு வராது, அவசரத்தில் ஒரு வேலையும் மிச்சம். துவைத்த போர்வை இரண்டு, தலையணை உறை இரண்டு, புதுத் துண்டு ஒன்று தனியாக ஒரு பையில் இருக்கட்டும். வீட்டு ஆட்கள் அந்தப் பையைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

வீடு கலைந்து கிடக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். கூடத்தில் இரண்டு பேர் உட்காரும் இடமும், கழிவறையும் சுத்தமாக இருந்தால் போதும். பிரயாணம் செய்து வந்தவர் முதலில் கேட்கக் கூச்சப்படுவது கழிவறையைத்தான்.

2. வாசலில்

கதவைத் திறந்ததும் "வாங்க, வாங்க" என்று வாய் நிறையச் சொல்லுங்கள். "என்ன திடீர்னு?" என்று கேட்டுவிடாதீர்கள். நாம் சந்தோஷத்தில்தான் கேட்போம், வந்தவர் காதில் வேறு மாதிரி விழும். வந்த காரணத்தை அவரே சொல்வார், பெரும்பாலும் முதல் வாய்த் தண்ணீர் குடித்த பிறகு.

அடுக்குமாடியில் இருக்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். கீழே இருந்து காவலாளி கூப்பிட்டு "யாரோ வந்திருக்காங்க" என்றால், "மேலே அனுப்புங்க" என்று சொல்லாமல் நீங்களே இறங்கிப் போங்கள். வயதானவர் ஒருவர் காவல் அறை முன்னால் நின்று நோட்டில் கையெழுத்துப் போட்டு, தான் யார் என்று சொல்லி நிரூபித்துக்கொண்டிருப்பது நன்றாக இல்லை.

அதே சமயம், முன்பின் பார்த்திராத ஒருவர் "நான் உங்க மாமனாருக்கு உறவு" என்று வந்து நின்றால், வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்கள் கிரில் கதவைத் திறக்க அவசரப்பட வேண்டாம். எந்த ஊர், யார் மகன் என்று கேட்டுவிட்டு, அந்த ஊரில் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டு விசாரித்துக்கொள்ளலாம். உண்மையான சொந்தக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். தன் பாட்டன் பெயர் வரைக்கும் அவரே சொல்லுவார்.

நமக்கு வெளியே போக வேண்டிய வேலை இருந்தால் அதை முதல் 5 நிமிடத்திலேயே, நேரத்தோடு சொல்லிவிடுவதுதான் நல்லது. "நாலு மணிக்குப் பிள்ளையை டியூஷன்ல விடணும், அதுவரைக்கும் நிம்மதியா பேசலாம்" என்றால் யாருக்கும் மனசு கோணாது. சொல்லாமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால்தான் கோணும்.

3. கை நனைக்காமல் அனுப்பாதீர்கள்

முதலில் தண்ணீர், ஒரு சொம்பு நிறைய. அப்புறம் காபியோ மோரோ. வெயில் காலத்தில் பஸ்ஸில் வந்தவருக்கு மோர்தான் நல்லது. "உங்களுக்குச் சுகர் இருக்கா?" என்று நாலு பேர் முன்னால் கேட்க வேண்டாம். சர்க்கரையைத் தனிக் கிண்ணத்தில் ஒரு கரண்டியோடு வைத்துவிட்டால் அவரே வேண்டிய அளவு போட்டுக்கொள்வார், அல்லது தொடாமல் விடுவார். நமக்கும் தெரிந்துவிடும்.

"சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "இல்ல, இப்பதான் சாப்பிட்டோம்" என்றுதான் நூற்றுக்கு நூறு பேரும் சொல்வார்கள், காலையில் ஐந்து மணிக்குக் கிளம்பியவர்கள் உட்பட. அதனால் கேட்காமல் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, "கை கழுவிட்டு வாங்க" என்று சொல்லுங்கள். இரண்டாவது தடவையும் உறுதியாக மறுத்தால் விட்டுவிட வேண்டும். வயிற்றுக் கோளாறோ விரதமோ இருக்கலாம். சனிக்கிழமை, சஷ்டி, புரட்டாசி மாதம் என்றால் முட்டையை எடுப்பதற்கு முன் "விரதம் ஏதும் உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மதியம் இரண்டு மணிக்கு, நாம் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவப் போட்ட பிறகு வருவார்களே, அந்த நேரம்தான் கஷ்டம். எங்கள் வீட்டில் செய்வது இதுதான். ஒரு ஆழாக்கு அரிசி இரண்டு பேருக்குத் தாராளமாக வரும். அதைக் கழுவிக் குக்கரில் ஏற்றிவிட்டு, மிச்சமிருக்கும் குழம்பைச் சூடு பண்ணுவேன். குழம்பு குறைவாக இருந்தால் அதில் தண்ணீர் ஊற்றிப் பெருக்கக் கூடாது, ருசி போய்விடும். பக்கத்து அடுப்பில் இரண்டு தக்காளியைப் பிசைந்து ரசம் வைத்துவிடலாம். குக்கர் ஆவி அடங்குவதற்குள் அப்பளம் பொரித்து, ஆளுக்கு ஒரு முட்டை ஆம்லெட் போட்டால் முடிந்தது. 25 நிமிடத்தில் இலை போட்டுவிடலாம்.

மாலை நேரம் என்றால் உப்புமா. ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது அடுப்பைக் குறைத்து, ஒரு கையால் ரவையைத் தூவிக்கொண்டே இன்னொரு கையால் கிளறினால் கட்டி விழாது. மூடி வைத்து இரண்டு நிமிடம். இறக்கும்போது ஒரு ஸ்பூன் நெய், எலுமிச்சை கொஞ்சம். உப்புமாவைப் பற்றிப் பலரும் குறைவாகப் பேசுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. பசித்து வந்தவர் தட்டைக் காலி செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

கடையில் வாங்கி வருவதும் தப்பில்லை. ஆனால் எல்லாரும் போனில் ஆர்டர் போட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தால் பேச்சு நின்றுபோகும்.

4. முறை தெரியாவிட்டால்

இளையவர்கள் தூரத்துச் சொந்தத்தைக் கண்டால் ஒதுங்குவதற்கு முக்கியமான காரணம், எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததுதான். எல்லாரையும் "அங்கிள்", "ஆன்ட்டி" என்று சொல்லித் தப்பிக்கிறார்கள். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. உங்கள் அப்பாவோ அம்மாவோ அவரை எப்படிக் கூப்பிடுகிறார் என்று கவனியுங்கள்.

அப்பா "அண்ணே" என்றால் உங்களுக்குப் பெரியப்பா, "தம்பி" என்றால் சித்தப்பா, "அக்கா", "தங்கச்சி" என்றால் அத்தை, "மச்சான்" என்றால் மாமா. அப்பாவுக்குச் சித்தப்பா என்றால் உங்களுக்குச் சின்னத்தாத்தா. அம்மா "அக்கா" என்றால் பெரியம்மா, "தங்கச்சி" என்றால் சித்தி, "அண்ணே", "தம்பி" என்றால் மாமா, "மதினி" என்றால் அத்தை. எத்தனை விட்ட உறவாக இருந்தாலும் கணக்கு இதேதான். அடுத்த படி இன்னும் சுலபம். பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி பிள்ளைகள் உங்களுக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. மாமா, அத்தை பிள்ளைகள் அத்தான், மச்சான், மதினி, கொழுந்தியாள் வகை. இந்தக் கடைசி வகையில் ஊருக்கு ஊர் சொல் மாறும், அதைப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வந்தவர் முன்னாலேயே பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இவங்க யாரு தெரியுமா? ஆச்சியோட பெரியம்மா மகன். உனக்குத் தாத்தா முறை" என்று சொல்லுங்கள். அவர் முகத்தைப் பாருங்கள் அப்போது.

5. ராத்திரி தங்கினால்

முட்டி வலி உள்ளவருக்குப் பாய் போட்டுக் கொடுக்காதீர்கள், கட்டிலைக் கொடுத்துவிட்டு நாம் கீழே படுக்கலாம். கழிவறை விளக்கு ஸ்விட்ச் எது, வெந்நீர்க் குழாய் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், இரவில் கதவுத் தாழ்ப்பாள் எப்படி என்று ஒரு தடவை காட்டிவிடுங்கள். தலைமாட்டில் ஒரு பாட்டில் தண்ணீர். இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் மருந்தை ஃபிரிட்ஜில் வைக்கக் கேட்கத் தயங்குவார்கள், நாமாகவே கேட்க வேண்டும். போன் சார்ஜரும் அப்படித்தான்.

6. வழியனுப்புவது

வாசலோடு நின்றுவிடாமல் தெருமுனை வரையாவது கூடப் போங்கள். முடிந்தால் பஸ் ஏற்றிவிடுங்கள். சுமங்கலிப் பெண்களுக்குக் குங்குமம், வெற்றிலை பாக்கு, கிடைத்தால் கொஞ்சம் பூ. கணவரை இழந்தவர் வந்திருந்தால் குங்குமத் தட்டோடு அவரைத் தாண்டிப் போய் இன்னொருவருக்குக் கொடுக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் வந்த பெண்கள் எல்லாருக்கும் பழமும் பூவும் கொடுப்போம். வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும். அவர்கள் ஏதாவது டப்பாவில் கொண்டுவந்திருந்தால் அதை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒன்றுமில்லை என்றால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுக் கொடுங்கள்.

அன்று ராத்திரி ஒரு போன்: "வீடு போய்ச் சேந்தீங்களா?" இரண்டு நிமிடம் கூட ஆகாது.

7. அந்த நோட்டு

போனை வைத்த கையோடு ஒரு நோட்டை எடுங்கள். 200 பக்க நோட்டு ஒன்று போதும். போனில் எழுதி வைப்பதை விட எனக்கு நோட்டுதான் சரிப்படுகிறது, வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். மேலே வீட்டுப் பெயர், ஊர், நமக்கு என்ன முறை, யார் வழியில். அடுத்து எல்லாருடைய பெயரும், வீட்டில் கூப்பிடும் பெயரும், போன் எண்ணும். கீழே பாதிப் பக்கத்தைக் காலியாக விடுங்கள். அங்கேதான் முக்கியமானது வரும்: அன்றைக்கு அவர்கள் பேசியது. பேத்தி பிளஸ் டூ எழுதுகிறாள், அத்தைக்கு வலது கண் ஆபரேஷன் முடிந்தது, இடது கண் ஆறு மாதம் கழித்து, கிணற்றில் தண்ணீர் உப்பாகிவிட்டது, மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள். தேதி போட்டு எழுதுங்கள். அடுத்த முறை போன் செய்யும்போது "இடது கண்ணுக்கு எப்போ வரச் சொல்லியிருக்காங்க?" என்று கேட்டால், அந்தப் பக்கம் குரலே மாறும்.

வந்துபோகிற ஆட்களை எழுதி முடித்த பிறகு, வராத ஆட்களைத் தேட வேண்டும். இதற்கு வீட்டிலேயே பழைய ஆதாரங்கள் இருக்கின்றன, யாரும் அப்படி நினைத்துப் பார்ப்பதில்லை.

முதலில் மொய் நோட்டு. எங்கள் பரணில் ஒரு தகரப்பெட்டிக்குள் அம்மாவின் கல்யாண மொய் நோட்டு இருந்தது. அட்டை கிழிந்து, மூலையில் மஞ்சள் கறை அப்படியே. ஒவ்வொரு வரியிலும் ஊர் முதலில், அப்புறம் தகப்பனார் பெயர், அப்புறம் கொடுத்தவர் பெயர், கடைசியில் தொகை: 5 ரூபாய், 11 ரூபாய், ஒரு இடத்தில் "பித்தளைக் குடம் 1". அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன். அம்மா சில பெயர்களில் நிறுத்தச் சொன்னார்கள். "இவுக மக இப்போ தூத்துக்குடியில இருக்கா, நம்பர் மெஞ்ஞானபுரத்துச் சித்திகிட்ட இருக்கும்." அப்படிப் பிடித்தவர்கள் மட்டும் 14 குடும்பம்.

அடுத்து பழைய கல்யாணப் பத்திரிகைகள். தாத்தா பாட்டி பெயர், ஊர், தாய்மாமன் பெயர், தங்கள் நல்வரவை விரும்பும் ஆட்களின் பட்டியல் எல்லாம் அதில் இருக்கும். கருமாதிப் பத்திரிகையிலும் மகன்கள், மருமகன்கள், பேரன்கள் என்று முழுக் குடும்பமும் கிடைக்கும், ஆனால் அதைப் பலர் வீட்டில் வைத்திருப்பதில்லை. மூன்றாவது குலதெய்வக் கோயில். எங்கள் பக்கம் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் கூடுவோம். மதுரை, விருதுநகர்ப் பக்கம் மாசிச் சிவராத்திரியில் கூடுகிறவர்கள் அதிகம். கோயில் வரி பிரிப்பவரிடம் தலைக்கட்டுப் பட்டியல் இருக்கும். பங்காளிகள் அத்தனை பேரும், சென்னையிலும் மும்பையிலும் இருப்பவர்கள் உட்பட, அதில் வந்துவிடுவார்கள்.

8. பல வருடம் கழித்து முதல் போன்

இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான படி. எதிர்ப்பக்கம் இரண்டு சந்தேகம் வரும்: கல்யாணத்துக்கு அழைக்கிறார்களா, கடன் கேட்கப் போகிறார்களா. அதனால் முதல் நிமிடத்திலேயே அதைத் தீர்த்துவிடுங்கள். நான் இப்படித்தான் பேசுவேன்:

"அத்தை, நான் தெற்குத்தெரு கொடிக்கால் வீட்டு மூத்தவரோட பேத்தி பேசுறேன், மதுரையில இருந்து. வேற ஒண்ணுமில்ல அத்தை, அம்மாவோட பழைய நோட்டைப் பாத்தோம், உங்க பேர் வந்துச்சு. பேசி ரொம்ப நாளாச்சேன்னு கூப்பிட்டேன்."

பெயரைச் சொல்வதற்கு முன் வீட்டைச் சொல்லுங்கள். என் பெயர் அவர்களுக்கு ஞாபகம் இருக்காது, கொடிக்கால் வீடு ஞாபகம் இருக்கும். அப்புறம், யாரையும் பெயர் சொல்லி "எப்படி இருக்கார்?" என்று கேட்க வேண்டாம். "வீட்ல எல்லாரும் எப்படி இருக்கீங்க?" என்று பொதுவாகக் கேளுங்கள். அவர்களே சொல்வார்கள். இறந்த செய்தி ஏதும் தெரிய வந்தால், "எனக்குத் தெரியாமப் போச்சே அத்தை, வந்து நின்னிருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள். என் பெரியம்மா அன்று அரை மணி நேரம் பேசினார்கள், நான் பேசியது பத்து வார்த்தைகூட இருக்காது.

முதல் போனை 10 நிமிடத்தில் முடித்துவிடலாம். வாரம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 52 குடும்பம் ஆகிறது. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை வசதிப்படுகிறது.

9. கடல் தாண்டி இருப்பவர்கள்

ஞாயிறு மாலை இங்கே ஏழரை மணி என்றால் துபாயில் ஆறு, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இரவு பத்து, லண்டனில் கோடையில் பிற்பகல் மூன்று, குளிர்காலத்தில் இரண்டு. டொராண்டோவில் காலை ஒன்பதோ பத்தோ. யாழ்ப்பாணத்தில் நம்முடைய நேரமேதான். ஆக, அந்த ஒரு நேரம் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒத்துவரும். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு எடுக்காது, குரல் பதிவு போகும். ஒரு நிமிடக் குரல் பதிவு நல்ல விஷயம்தான், திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குழு இருந்தால் இருக்கட்டும், ஆனால் அதையே தொடர்பு என்று நம்பிவிட வேண்டாம். காலை வணக்கப் படம் 40 பேருக்குப் போகிறது, ஒருவரையும் நலம் விசாரிப்பதில்லை. வயதானவர்களில் பலர் அந்தக் குழுவில் இருக்கவே மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. "நான்தான் சித்தப்பா மகன், ஆஸ்பத்திரியில இருக்கேன், அவசரமாப் பணம் அனுப்பு" என்று புது எண்ணிலிருந்து செய்தி வந்தால் அனுப்பாதீர்கள். நோட்டில் இருக்கும் பழைய எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டது என்றால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும், தாமதிக்கத் தாமதிக்க மீட்பது கஷ்டம்.

10. நாம் போவது

போன் மட்டும் போதாது. வருடத்தில் நாலு வீட்டுக்காவது நேரில் போக வேண்டும். ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போனால், அதே பாதையில் இரண்டு வீட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது எல்லாரிடமும் போன் இருப்பதால் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். சொல்ல முடியாவிட்டாலும் போகாமல் இருக்க வேண்டாம். சாப்பாட்டு வேளையையும் விளக்கு வைக்கும் நேரத்தையும் தவிர்த்து, காலை பத்து மணிக்கோ மாலை நான்கு மணிக்கோ போனால் அவர்களுக்கும் சிரமமில்லை. ஒரு சீப்பு வாழைப்பழம், பிள்ளைகளுக்குப் பிஸ்கட். முக்கால் மணி நேரம்.

துக்க வீட்டுக்கு மட்டும் எதையும் யோசிக்காமல் கிளம்பிவிடுங்கள். முடியாமல் போனால் 16ஆம் நாளுக்குள், அதுவும் தவறினால் எப்போது முடியுமோ அப்போது. தாமதமாகப் போவதற்கு வெட்கப்பட்டுப் போகாமலே இருந்துவிடுகிறார்கள் பலர், அதுதான் பெரிய மனஸ்தாபமாகிறது. அங்கே "போயிட்டு வரேன்" என்று சொல்ல மாட்டோம், தெரியும்தானே? பேசாமல் எழுந்து வந்துவிடுவதுதான் வழக்கம்.

பத்திரிகை வைக்கவில்லை, கூப்பிட்டதற்கு வரவில்லை என்று முறிந்துபோன உறவுகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அதற்குப் போன் சரிப்படாது. வயதில் மூத்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு நேரில் போய், பழைய கணக்கைத் திறக்காமல், அந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். எங்கள் குடும்பத்தில் 11 வருடம் பேசாமல் இருந்த இரண்டு வீடுகள் அப்படித்தான் சேர்ந்தன. நாங்கள் போனபோது அந்த மதினி ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்ச் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, "அரை மணி நேரம் இருங்க, உலை வச்சிருக்கேன்" என்றார்.

போன மாதம் உடன்குடியிலிருந்து, என் மகளுக்குச் சின்னத்தாத்தா முறை ஆகிற ஒருவர் கண் பரிசோதனைக்கு வந்து, இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனார். அன்று ராத்திரி நான் நோட்டை எடுப்பதற்கு முன்பே என் மகள் அதில் எழுதி வைத்திருந்தாள்: "சின்னத்தாத்தா. தாத்தாவுக்குச் சித்தப்பா மகன். மோரில் உப்பு கூடாது. மறுபடி கார்த்திகையில் வரச் சொல்லியிருக்கிறார்கள். பஸ் ஏற்ற நான் போகணும்."